ஏழு கடிகாரங்கள்

இன்றைக்குக் கையை நீட்டாமல் இருந்துவிட்டால் என்ன?

நினைத்து முடிப்பதற்குள் கை நீண்டுவிட்டது. மூன்று வருடப் பழக்கம்.

பெனாசிர் தன் கடிகாரத்தைக் கழற்றி அவள் மணிக்கட்டில் கட்டினாள். அடுத்து தமயந்தி. அதற்கடுத்து யார் யார் என்று அவள் பார்க்கவில்லை. விளையாட்டு வகுப்பு வந்தால் அவள் கை எல்லோருக்கும் பொது.

ஏழு கடிகாரங்கள். ஏறக்குறைய முழங்கை வரைக்கும்.

"உனக்கென்னட்டி, வெயில்ல காயாம ராணி மாதிரி இருக்க" என்றபடி தமயந்தி ஓடினாள்.

மைதானத்தின் ஓரத்தில் அந்த இரும்புப் பெஞ்சு. ஆறாம் வகுப்பில் ஒருநாள், ஓடும்போது சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்த இவளைத் தூக்கிவந்து கிடத்திய இடம். இப்போது ஒன்பதாம் வகுப்பு. இன்னும் உட்காருவது அதில்தான்.

யாரும் ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. அதுதான் கஷ்டம்.

அம்மா மாதம் ஒருமுறை டீச்சருக்குப் போன் செய்து நன்றி சொல்கிறாள். பெனாசிர் ஓடி முடித்ததும் தன் தண்ணீரை முதலில் இவளிடம்தான் நீட்டுகிறாள். இவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

ஓடினால் நல்லது என்றுதான் டாக்டர் சொன்னார். முன்னதாக விரலைக் குத்திப் பார்த்துக்கொள். பையில் மிட்டாய் வைத்துக்கொள். தலை சுற்றினால் நின்றுவிடு. இவ்வளவுதான். தாளில் எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

ஞானசெல்வி டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். மடித்து அவளிடமே தந்தார்.

"டாக்டர் அவர் ரூம்ல இருப்பாரும்மா. நீ விழுந்தா பதில் சொல்றது நாந்தானே?"

அதுவும் பொய்யில்லை.

இன்றும் இடைவேளையில் விரலைக் குத்திப் பார்த்திருந்தாள். நூற்று நாற்பது. இரண்டு பிஸ்கட் தின்றிருந்தாள். சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் நான்கு.

மூன்று வாரமாக இப்படித்தான். மூன்று வாரமாகப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

கையைப் பார்த்தாள். ஏழு முகங்களில் ஏழு நேரம். பெனாசிருடையது மூன்று நிமிடம் முந்தி ஓடியது. தமயந்தியுடையது ஓடவே இல்லை. எப்போதோ நின்றுபோனது. அதையும் பத்திரமாக இங்கே கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

முதலில் அதைக் கழற்றினாள்.

பெஞ்சின் கைப்பிடியில் சுற்றி, கொக்கியை மாட்டினாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. ஏழும் இரும்பில் வரிசையாக நின்றன. கைப்பிடி அசையவில்லை. நன்றாகவே பார்த்துக்கொள்ளும்.

செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

மண் சுட்டது.

சுண்ணாம்புக் கோட்டில் அடுத்து ஓட ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஓரத்தில் போய் ஆறாவதாக நின்றாள்.

"ஏட்டி, என் வாட்ச் எங்க?" தமயந்தி பதறினாள்.

டீச்சர் வாயிலிருந்த விசிலை எடுத்தார். "என்னம்மா இது? வெயிலா இருக்குல்லா. போய் உக்காரு தாயி."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எதிர்த்து நிற்பது எளிதாக இருந்திருக்கும்.

அவள் பையிலிருந்த மிட்டாய்களை எடுத்து உள்ளங்கையில் விரித்துக் காட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். மறுபடி பைக்குள் போட்டாள்.

பிறகு குனிந்து, கோட்டுக்குப் பின்னால் விரல்களை ஊன்றினாள்.

வெறுங்கையில் ஏழு பட்டைகளின் தடம் இன்னும் சிவந்திருந்தது.