நாகரத்தினம் வீட்டு லினக்ஸ்

"இந்த விண்டோஸை இன்னைக்கே தூக்கிடு தம்பி! இனிமே இந்தச் சனியன் என் வீட்டுல இருக்கக் கூடாது!"

நாகரத்தினம் போட்ட சத்தத்தில் மனைவி இராசமணி கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரதீபன், தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தான்.

மகள் ஹம்சினிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அந்தப் பழைய கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லி எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள்! பட்டனை அழுத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் திரை விழிக்காது. அவசர வேலை இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் அப்டேட் என்று வட்டம் சுற்றும். "வேற ஏதாச்சும் போடலாம்பா" என்றால் அப்பா முறைப்பார். "பழகின கைக்கு எதுக்கும்மா புதுசு? எனக்கு என் விண்டோஸ் போதும்."

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் சாதகம். கீழே அவருடைய புடவைக்கடை, மேலே வீடு. கடைத்தெருவில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும், பெண் சாதகமும் பையன் சாதகமும் முதலில் படியேறி நாகரத்தினத்திடம்தான் வரும். சென்னையிலிருந்து வரவழைத்த புரோகிராமில் பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டுவார். பொருத்தம் திரையில் வந்துவிடும். "மனுசன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது" என்பார் பெருமையாக. அப்படிச் சொல்லியே சில சம்பந்தங்களைக் கலைத்துமிருக்கிறார்.

போன மாதம் அந்த மெஷின் அவர் வீட்டிலேயே கை வைத்துவிட்டது. நானுஓயா சிவசாமியின் மகன் விஜிதரனுக்கும் ஹம்சினிக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, கடைசியில் சாதகத்தைத் தட்டினால் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. "ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? இதை நான் செஞ்சா கடைத்தெருவுல எவன் என்னைய மதிப்பான்?" என்று அப்பா ஒரேயடியாக முடித்துவிட்டார். ஹம்சினி அழுததோடு சரி. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை விஜிதரனுக்குப் பெண் பார்க்க அவன் வீட்டார் கண்டிக்குப் போகிறார்களாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு உயிரே இல்லை.

"என்னாங்க திடீர்னு? இத்தன வருசமா அதைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்றாள் இராசமணி.

"என்னா திடீர்னு? தொறந்தா நீலமா ஒரு ஸ்கிரீனு. மூடினா மூடமாட்டேங்குது. மனுசனுக்குப் பொறுமைன்னு ஒன்னு இருக்குல்ல?"

"லினக்ஸ் போடுறேன் மொதலாளி. சல்லி செலவில்ல. பழைய மெஷின்லயும் நல்லா ஓடும். ஆனா..." என்று இழுத்தான் பிரதீபன்.

"ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம். வேலையப் பாரு."

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. பிரதீபன் கிளம்பியதும் நாகரத்தினம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து கீபோர்டைத் தட்டும் சத்தமும், நட்சத்திரப் பெயர்களை முணுமுணுக்கும் சத்தமும் கேட்டன. இன்னும் யார் சம்பந்தத்தைக் கலைக்கப்போகிறாரோ என்று ஹம்சினிக்கு எரிச்சலாக வந்தது.

கதவு படாரென்று திறந்தது.

"இராசமணி! அநியாயமா ஏமாந்துட்டோம்டி!"

"ஐயோ, என்னாங்க?"

"இதுக ரெண்டும் பொறந்த காலத்துல நம்ம நாட்டுல கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வச்சிருந்தாங்கல்ல? பழைய நேரம், புது நேரம்னு நாமளே எம்புட்டுக் குழம்பினோம்! அந்தக் கிறுக்கு விண்டோஸுக்கு அது தெரியல. இந்தியா நேரத்துல கணக்குப் போட்டிருச்சு. லினக்ஸு சரியாப் போடுது. அரை மணியைக் கழிச்சா புள்ளையோட நட்சத்திரமே மாறுது. ரஜ்ஜு இருக்கு! பொருத்தமெல்லாம் இருக்கு!"

ஹம்சினி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அதற்குள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், கீழே கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த ஆரம்பித்திருந்தார்.

"சம்பந்தி! நாகரத்தினம் பேசுறேன். தப்பு எம்மேல இல்லிங்க, விண்டோஸ் மேல! கண்டிக்கெல்லாம் போகாதீங்க. ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம், தட்டு மாத்திருவோம்!"

சம்பந்தி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஹம்சினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இராசமணி அவளைக் கட்டிக்கொண்டாள். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் முதல் வேலையாகப் பிரதீபனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஒங்க லினக்ஸுக்குக் கோயில்தான் கட்டணும்! சாதகத்தைச் சரியாப் பாத்துச் சொல்லிருச்சு. எனக்குக் கல்யாணம்!"

"சந்தோசம் தங்கச்சி. ஆனா எந்த சாதகத்தைச் சொல்றீங்க?"

"அதான்ணே, அப்பாவோட அந்தப் புரோகிராமு."

பிரதீபன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அது விண்டோஸ்ல மட்டுந்தான் ஓடும் தங்கச்சி. லினக்ஸ்ல ஓடாதுன்னு மொதலாளி போன வாரம் கடைக்கு வந்தப்பவே சொல்லிட்டேன். 'நெசமாவே ஓடாதா?'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டவரு, 'அப்படின்னா அதையே கொண்டாந்து போடு'ன்னுட்டுப் போனாரு."