சீட்டு இல்லாத மெஷின்

"மாமாவே கொண்டுவந்தாலும் சீட்டு வேணும்" என்று மாப்பிள்ளை சொன்னதும் பெரியவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. சம்பந்தம் பேசிய நாளில்கூட யாரும் அவரிடம் அத்தாட்சி கேட்டதில்லை.

இருவருக்கும் நடுவே, பழுது பார்க்கும் மேசையில் இருந்தது அந்த மெஷின். காசநோய் ஆய்வகத்தில் சளியைச் சுழற்றிப் பிரிப்பது. அங்கே பெரியவர் தலைமை உதவியாளர். மகளுக்கும் அங்கேதான் வேலை.

"ரெண்டு மெஷினும் ஜோடியா வாங்கினது, ஜோடியாவே படுத்துடுச்சு. முதல்ல இதைப் பாருங்க மாப்ள."

"பாக்கறேன் மாமா. கிருமி போகக் கழுவியாச்சுன்னு கையெழுத்துப் போட்ட சீட்டு எங்கே?"

மாப்பிள்ளை சுவரைக் காட்டினார். 'சீட்டு இல்லாத மெஷினைத் திறக்க மாட்டோம்' என்ற பலகைக்குக் கீழே பழைய கூட்டாளியின் படம். சீட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மெஷினைத் திறந்தவர். எட்டு மாதம் இருமி, ஒருநாள் அடங்கிப்போனார்.

"அது எவனோ அனுப்பினது. இதைக் கழுவினது என் பொண்ணு. கழுவி வச்சுட்டேன்னு காலையிலயே சொல்லிட்டா. எங்க வீட்டுப் பேச்சுக்கு இதுவரைக்கும் யாரும் சீட்டுக் கேட்டதில்லை."

"அவ மேல எனக்கென்ன சந்தேகம் மாமா..."

"அப்புறம் மூஞ்சியில எதுக்கு அது?"

மாப்பிள்ளை முகமூடியைக் கழற்றினார். கையுறைகளையும் உருவி மேசை ஓரத்தில் வைத்தார். பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூடி திறந்தது. மாப்பிள்ளை உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "அடியில ஏதோ ஈரமா இருக்கே."

"கழுவினா ஈரம் இருக்காதா? அவ அம்மா மாதிரிதான். ஒரு டம்ளர் கழுவ ஒரு குடம் தண்ணி."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து, காற்றுக் குழாயை உள்ளே நீட்டி, ஈரம் காயும்வரை ஊதினார். சாரல் முகத்தில் அடித்தது, முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

பெரியவரின் செல்போன் அடித்தது. மகள்.

"இதோ, கழுவினவளே கூப்பிடறா. நீங்களே கேட்டுக்கோங்க." ஸ்பீக்கரைப் போட்டு, போனை மாப்பிள்ளையின் முன்னால் வைத்தார்.

"அப்பா, நான் கழுவிச் சீட்டு ஒட்டின மெஷின் இங்கேயே இருக்கே."