வெட்டாத சட்டை

“மான் பிழைச்சதுக்கா என் சட்டையை வெட்டுறீங்க?” என்று கேட்டாள் பன்னிரண்டு வயது டெல்லா. அது அவளுடைய முதல் வேட்டை. தொளதொளத்த சட்டையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அலபாமாவின் அந்த வேட்டை முகாமில், குறி தப்பியவரின் சட்டை நுனியை வெட்டி, அதில் அவர் பெயரை எழுதிச் சுவரில் ஆணியடிப்பது வழக்கம். கத்தரிக்கோலோடு நின்ற முகாம் தலைவர் கிளேட்டனுக்குக் கோபம் பொங்கியது.

“பசங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே கொடுத்தாங்க. இவளுக்கு மட்டும் தனிச் சட்டமா?”

அவளை அழைத்து வந்த பெரியப்பா ராய்ஸ் குறுக்கே வந்தார். “விடுடா, சுட்டது நான்தான். என்னோடதை வெட்டு.”

“கண்ணு அவிஞ்சுபோச்சா கிழவா?” என்று முகாமே கேலி செய்தது. கிளேட்டன் ராய்ஸின் சட்டை நுனியை வெட்டினார். ஆனால் பாத்திரம் கழுவும் இடத்தில் ராய்ஸைப் பிடித்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல முன்வரிசை! இங்க பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுக்கிறியா? அதுவும் அவ அளவுகூட இல்லாத ஒரு பழைய சட்டைக்காக!”

“அது என் தம்பி டேலோடது. அவ அப்பா செத்ததிலேருந்து அதைத் துவைக்கக்கூட விடல.”



மறுநாள் எல்லோரும் காட்டுக்குப் போனபின், கிளேட்டன் டேலின் பெயர் எழுதிய பழைய துணியைச் சுவரிலிருந்து கழற்றினார். சிறுவயதில் அது வெட்டப்பட்ட அன்று குறி தப்பியது டேலுக்கு அல்ல, கிளேட்டனுக்கு. அழுத நண்பனுக்காக டேல் பழியை ஏற்றுக்கொண்டது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

துணியை டெல்லாவின் பைக்குள் மடித்து வைத்தார். பிறகு தன் சட்டை நுனியை வெட்டி, தன் பெயரை எழுதி, அதே ஆணியில் மாட்டினார்.