மூன்றாவது தாள்

பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியக் கூடத்தின் மேஜையில், முகர்ந்து பார்ப்பதற்கான மூன்று வெள்ளைத் தாள் பட்டைகள் கிடக்கின்றன. ஜன்னல் வெயில் அவற்றின் நுனிகளை மஞ்சளாக்குகிறது. வேலைக்கும் கடைக்கும் தினமும் பூசிக்கொண்டு போகிற மாதிரி, ஆரஞ்சும் அத்தியும் கலந்த மெல்லிய வாசனை ஒன்றை உருவாக்க, இங்கே வாசனை கலக்கும் சொலீன் இரண்டு வருடமாக மல்லுக்கட்டுகிறாள். இன்று முடிவு சொல்லியாக வேண்டும். முதல் தாளை முகர்ந்து, "புளிப்பு தூக்கலா இருக்கு" என்று தள்ளுகிறாள். இரண்டாவதில் அத்திப்பால் தொண்டையைக் கரகரக்க வைக்கிறது. மூன்றாவதை முகர்ந்ததும் அவள் தோள்கள் தளர்கின்றன. "இதுதான். பூசியிருக்கிறதே தெரியாது." பட்டைகளைத் தோய்த்து வைத்த பாஸ்தியான், அவளோடு இதே மேஜையில் தலை நரைத்தவன், கண்ணாடியைக் கழற்றுகிறான். "அது வெறுந்தாள், சொலீன். மூக்கு ஏமாத்துதான்னு பாக்க எப்பவும் ஒண்ணை சும்மா வைப்போமே, மறந்துட்டியா?" "விளையாடாதே." வெளியே முற்றத்து அத்திமரம் ஆகஸ்ட் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் வாசனைதானோ? எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி முகர்கிறாள். ஆரஞ்சுத் தோலும் கசக்கிய அத்தியிலையும் கலந்த வாசனை அப்படியே இருக்கிறது. பாஸ்தியான் தாளை வாங்கி நெடுநேரம் முகர்கிறான். "காகிதம்தான்" என்கிறான். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. கதவைத் திறந்து முதலாளியம்மா தலையை நீட்டுகிறார். "என்னம்மா, எது?" சொலீன் மேஜையில் கிடக்கும் இரண்டையும் பார்க்கிறாள். பிறகு பாஸ்தியானின் விரலிடுக்கில் இருக்கும் வெறுந்தாளை உருவி, அவரிடம் நீட்டுகிறாள்.