தையலின் பின்பக்கம்

காலை வெயில் ஜன்னல் திரையின் இடுக்குகள் வழியே மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. அந்தக் கோடுகளின் மேல் அறுவை மருத்துவரம்மா இரண்டு துணித்துண்டுகளை வைக்கிறார். இரண்டும் அவர் பழகுவதற்காகத் தைத்தவை. ஒன்று வயிற்றுத் துளை வழியே நுழைக்கும் லேப்ராஸ்கோப் கருவியைத் தானே பிடித்து, மற்றது ரோபோவை இயக்கி. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி, சோபா தைப்பவர், தன் வயிற்றில் புடைத்திருக்கும் ஹெர்னியாவை ஒரு கையால் தாங்கியபடி குனிகிறார். "ஆபரேஷன் ரெண்டு முறையிலயும் சின்னத் துளைதான், திரும்பப் புடைக்காம உள்ள வைக்கிற வலையும் ஒண்ணுதான். ரோபோன்னா நேரம் கொஞ்சம் கூட ஆகும்," என்கிறார் மருத்துவர். "இவரு திரும்ப சோபா தூக்குவாருங்க. எதுல தச்சா பிரியாது?" பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி விடுவதாயில்லை. சோபா தைப்பவரோ துணிகளைப் புரட்டிப் போட்டு, தையலின் பின்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுகிறார். நகம் நூலில் உரசிக்கொண்டே போகிறது. எங்கும் சுருக்கமில்லை, எங்கும் தொய்வில்லை. நகம் கடைசி முடிச்சில் நிற்கிறது. அடுத்த துணியிலும் அங்கேயே நிற்கிறது. "ரெண்டு முடிச்சும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. நீங்க இடது கைக்காரங்களா டாக்டர்? எதுல தச்சாலும் தைக்கிறது நீங்கதானே. சம்மதப் படிவத்துல கையெழுத்து எங்க போடணும்?" மருத்துவர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டுகிறார், இடது கையால்.