மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை

“பென் டிரைவ் சொருகினது நீ. மிஷின் படுத்துக்கிச்சு. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு.” ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் தள்ளினார் மேனேஜர்.

எதிரே நின்றிருந்த டைப்பிஸ்ட் பேனாவைத் தொடவில்லை. அந்த அறையில் மேனேஜர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

“நீங்க கேட்ட லெட்டரைக் கொண்டுவரத்தானே சார் சொருகினேன். வீட்ல என் சம்பளம் ஒண்ணுதான் சார்.”

“என் கம்ப்யூட்டர்ல வைரஸ் ஏத்தும்போது அது ஞாபகம் இல்லையா?”

மேஜைக்கு அடியில் கணினியின் விசிறி மாவு மில் போல இரைந்தது. போன வியாழக்கிழமை மதர்போர்டை மாற்றியதிலிருந்து இதே கூத்து. ஒன்றுமே திறக்காதபோதும் பிராசஸர் தொண்ணூற்றெட்டு சதவீதம் உழைத்துக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்திருந்த சர்வீஸ்காரப் பெண் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

“ஏம்மா, உங்க கடையில ஆம்பளைங்க யாரும் இல்லையா?”

“இருக்காங்க சார். போர்டை மாத்திட்டுப் போனதே அவங்கதான்.”

டைப்பிஸ்ட் சிரிப்பை விழுங்கினாள்.

“புது பார்ட் ஏதாவது தேவைப்பட்டா ஓனரைக் கேக்கணுமா சார்?” என்றாள் சர்வீஸ்காரப் பெண்.

“ஓனரா? என் மாமனாரா?” மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “அந்தக் கிழம் வீட்டை விட்டு வெளிய வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு. மத்தியானம் சாப்பிட்டா ஒரு மணி நேரம் தூக்கம். மிச்ச நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு டி.வி. அப்படி என்னத்தைத்தான் பாக்குதோ! இங்க நான் வெச்சதுதான் சட்டம்.”

பிராசஸரின் உழைப்பை நேரவாரியாகக் குறித்துவைக்கும்படி திங்கட்கிழமை வந்தபோது ஓடவிட்டுப் போன பதிவைச் சர்வீஸ்காரப் பெண் திறந்தாள்.

“விசித்திரமா இருக்கு சார். தினம் மதியம் ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் அஞ்சு சதவீதத்துக்கு இறங்குது. அப்புறம் மறுபடியும் ஏறிடுது.”

“நான் சாப்பிடுற நேரம். மிஷினும் ஓய்வெடுக்குது.”

“சார் இங்கேயேதான் சாப்பிடுவார்,” என்றாள் டைப்பிஸ்ட் மெல்ல. “மிஷின்ல சீட்டாட்டம்கூட ஓடிக்கிட்டிருக்கும்.”

“உன்னை யாராவது கேட்டாங்களா?”

சர்வீஸ்காரப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு மானிட்டரின் மேலிருந்த பொட்டளவு ஓட்டையைப் பார்த்தாள்.

“வைரஸ் இல்ல சார். கேமராவும் மைக்கும் ஓடுது. அந்தப் பக்கம் யாரோ பாக்குற நேரமெல்லாம் இந்த ரூம்ல நடக்கிறதை அனுப்பிக்கிட்டே இருக்கு. முன்னாடி தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்துச்சு, அது சத்தமில்லாம அந்த வேலையைப் பாத்துது. போர்டை மாத்தினப்ப அதைத் திரும்ப மாட்டல. மொத்தப் பாரமும் பிராசஸர் தலையில விழுந்துடுச்சு.”

மேனேஜரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு பழைய நிறத்துக்கு வந்தது.

“ஓ! வேவு பாக்குறியா நீ?” என்று டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார்.

“இந்த புரோகிராமைப் போட்டு ரெண்டு வருஷம் ஆகுது சார். அக்கா, நீங்க எப்ப சேந்தீங்க?”

“ஆறு மாசம் ஆகுது.”

“யார் போட்டா எனக்கென்ன?” மேனேஜர் கடிதத்தைத் தட்டினார். “நான் போன்னா போகணும். போடு கையெழுத்தை!”

டைப்பிஸ்ட் பேனாவை எடுத்தாள்.

மேஜைத் தொலைபேசி அடித்தது. மற்றவர்களும் கேட்கட்டும் என்று எப்போதும் போல ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, “யாருய்யா அது?” என்று உறுமினார் மேனேஜர்.

“அந்தப் பொண்ணு உக்காரட்டும் மாப்பிள்ளை, நீங்க எழுந்திருங்க.”