எதிர் வீட்டு எலுமிச்சை

"இன்னிக்கும் தொங்குது பாரு" என்றாள் என் மனைவி லினெட், ஜன்னல் திரையை ஒற்றை விரலால் விலக்கிக்கொண்டு.

எதிர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு பை. பை நிறைய எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டு அம்பாரோவின் தோட்டத்துப் பழம் என்று தெருவுக்கே தெரியும்.

"ஆறு வருஷமா இந்தத் தெருவுல இருக்கோம், டெரிக். நம்ம கதவுல விளம்பர நோட்டீஸைத் தவிர என்ன தொங்கியிருக்கு? அவ வந்து முழுசா ஒரு வருஷம் ஆகல."

அவள் என்றால் ஹெதர். எங்களைப் போலவே இங்கிலாந்துக்காரி. புருஷன் போனபிறகு, மழையும் குளிரும் போதும்டா சாமி என்று தனியாகக் கிளம்பி வந்தவள்.

நாங்களும் அப்படித்தான் வந்தோம். வெயில் அடிக்கணும், வாங்குற பென்ஷன்ல காலத்தை ஓட்டணும். போர்ச்சுகல், கிரீஸ், சைப்ரஸ், மால்டா என்று ஒரு குளிர்காலம் முழுக்க அலசிவிட்டுக் கடைசியில் ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தோம். அதிலும் கடற்கரைப் பக்கம் விலை கட்டாது என்று மலையடிவாரத்தில் இந்தச் சின்ன ஊர். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. காலையில் காப்பிக்கடை, சாயங்காலம் சர்ச் வாசல் பெஞ்ச். லினெட்டுக்குத்தான் ஊர் ஒட்டவே இல்லை.

"ஆள் பார்த்துப் பழகுற ஜனங்க. ரெண்டு வருஷம் ஸ்பானிஷ் கிளாஸ் போனவ நான். அவளுக்கு வணக்கத்துக்குச் சொல்ற 'ஓலா'வை விட்டா வேற வார்த்தை வராது. எலுமிச்சை மட்டும் அவளுக்கு."

"ஆரம்பத்துல நமக்கும்தான் அம்பாரோ மாட்டிட்டுப் போனாங்க. நீதான் திருப்பிக் கொடுத்தே."

"மரியாதைக்குக் கொடுத்தேன். நம்ம ஊர்ல யாராவது கொடுத்தா உடனே கையை நீட்டிடுவோமா? 'ஐயோ, எங்களுக்கு எதுக்கு'ன்னு நாம சொல்லணும். அவங்க வற்புறுத்தணும். அப்புறம்தான் வாங்கணும். இவங்க 'சரி'ன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்களே. ஒவ்வொரு தடவையும் அதே கதை."

அதற்குள், வழக்கம்போல, ஹெதரே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இந்தா கண்ணு, மொத்தத்தையும் நீயே வெச்சுக்கோ."

"ஐயோ, எங்களுக்கு எதுக்கு?"

"அட, பிடி."

"வேண்டாம் ஹெதர், நிஜமாத்தான்."

ஹெதர் பையை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள். ஒரே ஊர்க்காரி இல்லையா, முறை தெரியும்.

கதவைச் சாத்தியதும் லினெட்டின் சிரிப்பு போயே போச்சு. "பெருமையைப் பாரு. 'எனக்கு எவ்வளவு வருது பாத்தியா'ன்னு காட்டுறா. நமக்குப் பிச்சை போடுறா."

"அப்புறம் ஏன் வாங்கினே?"

"அழுகட்டுமா?"

மத்தியானமே அந்தப் பழத்தைப் பிழிந்து, முட்டை, வெண்ணெய், சர்க்கரை போட்டுக் கிளறி பாட்டிலில் அடைத்தாள். பொறாமையில் வெந்துகொண்டே கிளறினாலும் ருசி மட்டும் குறையவில்லை. அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடும்போதுதான் குண்டைப் போட்டாள்.

"இந்த வீட்டை வித்துட்டுப் போர்ச்சுகல் போயிடலாம். அங்கேயும் இதே வெயில், இதே விலை. மனுஷங்களாவது மனுஷங்களா இருப்பாங்க. வெள்ளிக்கிழமை புரோக்கரை வரச் சொல்லிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வயதில் மறுபடியும் பெட்டி கட்டணுமா? பெஞ்சுக் கிழவர்கள் இப்போதுதான் என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகியிருந்தார்கள். ஆனால் லினெட் ஒன்றை நினைத்துவிட்டால் யார் தடுக்க முடியும்?

மறுநாள் ஹெதர், தன் மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து கிளம்பினாள். போகும்போது, "நான் இல்லாதப்போ கதவுல ஏதாவது தொங்கினா நீயே எடுத்துக்கோ கண்ணு, வீணாப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"ஆளில்லாத வீட்டுக்கு எவ கொண்டுவந்து மாட்டுறான்னு பார்த்துடுறேன்" என்றாள் லினெட். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை காலை. புரோக்கர் வருகிற நேரம். லினெட் திரையை விலக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே, பூட்டிய கதவில் அம்பாரோ பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பூட்டின வீட்டுக்குக்கூடவா? உயிரோட இருக்கிற நாம கண்ணுக்குத் தெரியலையா?" வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கிவிட்டாள். ஏதும் ரசாபாசம் ஆகிவிடக் கூடாதே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அவங்க வீட்டுல இல்ல" என்றாள் லினெட், கிளாஸில் படித்த ஸ்பானிஷில். "ஊருக்குப் போயிருக்காங்க."

"தெரியுமே" என்றாள் அம்பாரோ. "போறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்துட்டுத்தான் போனாங்க."

"இல்லாதவங்களுக்கு எதுக்கு எலுமிச்சை?"

"அவங்க வீட்டுல இருந்தாலும் எலுமிச்சை அவங்களுக்கு ஆகாதும்மா. ஒரு சொட்டு உள்ளே போனாப் போதும், நெஞ்செரிச்சல். வந்த புதுசுலயே ஜாடையில காட்டிட்டாங்க."

லினெட்டுக்குப் படித்த ஸ்பானிஷ் அத்தனையும் மறந்துபோனது. நான்தான் கேட்டேன்.

"அப்போ இத்தனை நாளா இது யாருக்கு?"

அம்பாரோ பையின் முடிச்சைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"உங்களுக்குத்தான். உங்க கதவுல மாட்டினா திருப்பிக் கொடுத்துடுறீங்க. அதான், நீங்க வாங்கிக்கிற கதவாப் பார்த்து மாட்டுறேன்."